துப்பாக்கி உறையின் உட்பக்கம்

“தோல் மண்டி ஊட்டுப் பொண்ணுங்கறீங்க. துரை குடுத்த சாமானைப் பத்தி இந்த அம்மிணிக்கு என்னங்க தெரியும்?”

கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த எங்கள் வரலாற்றுத் துறைத்தலைவியிடம் கேட்கப்பட்டது. கேட்டவர் பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் வெற்றிலையும் கரும்பும் போடுகிற பண்ணைக்காரர். எங்கள் கல்லூரியின் ஆட்சிக்குழுவிலும் இருந்தார். மேசையில் நாளிதழை விரித்து அதன்மேல் ஒரு தோல் உறையை வைத்திருந்தார். கைத்துப்பாக்கியை இடுப்பில் மாட்டிக்கொள்வதற்கான உறை. துப்பாக்கி அவர் வீட்டில் இல்லை. உரிமம் முடிந்தபோது காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். உறை மட்டும் பீரோவில் கிடந்திருக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தது என்றார்.

“எம்.ஏ.வுல முதல் ரேங்க் வாங்கின பொண்ணுங்க” என்றார் துறைத்தலைவி.

“மார்க்கு வாங்கறது வேறைங்க மேடம். இது அவங்க பாட்டன் பூட்டன் யாரும் தொட்டே பார்த்திருக்காத சாமான்.”

அவர் குரலில் வன்மம் இல்லை. நாளைக்கு மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் பதிவேட்டைத் திறந்து, பொருள் வந்த தேதியையும் கொடுத்தவர் பெயரையும் எழுதிக்கொண்டேன். எழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

நாமக்கல்லுக்கு வெளியே இருக்கிற அந்தத் தனியார் கல்லூரியில் ஊர் வரலாற்றுக்கென்று ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்கள். படி, மரக்கால், பழைய லாரி ஒன்றின் பித்தளை ஹாரன், ஓலைக் கட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பட்டை எழுதுவது என் வேலை. என்ன பொருள், எங்கே செய்தது, எதனால் செய்தது, எப்படி வந்தது. அட்டையின் அடியில் “குறிப்பு எழுதியவர்” என்று என் பெயர் அச்சாகும். எங்கள் வீட்டில் ரேஷன் அட்டையையும் என் சான்றிதழ்களையும் தவிர வேறெங்கும் யாருடைய பெயரும் அச்சில் வந்ததில்லை. ஓராண்டு ஒப்பந்தம். நீட்டிப்பதா வேண்டாமா என்பதை ஆட்சிக்குழு முடிவு செய்யும்.

அத்தா, என் அப்பா, சேலத்தில் ஒரு தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். உப்புப் போட்டு மடித்து வரும் தோல்களைப் பிரித்து, கட்டைவிரலால் ஓட்டி, எந்தக் குவியலில் போடுவது என்று சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாது. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போதிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டிக்குப் போய், அவர் சொல்லச் சொல்லக் குவியல்களுக்கு எதிரே தரையில் சாக்பீஸால் எழுதுவேன். அறுப்புத் தோல், செத்த மாட்டுத் தோல், சூட்டுத் தோல், ஓட்டைத் தோல். வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு முறை தலைக்கு ஊற்றினாலும் திங்கட்கிழமை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. இதை நான் எங்கும் மறைத்ததில்லை. வேலைக்கான நேர்காணலிலும் சொன்னேன். துறைத்தலைவி அதைப் பெருமையாகத்தான் பண்ணைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

உறையில் முத்திரை இல்லை, எண் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. நான் கணினியின் முன் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த அவசரம் அந்த உறைக்காக வந்தது அல்ல. துரை வீட்டுச் சாமானைப் பற்றி எனக்குத் தெரியும் என்று காட்டியாக வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு படம் கிடைத்தது. மூடியின் வளைவு, கீழ்முனை வட்டம், பின்னால் இடுப்புவார் நுழையும் பட்டை எல்லாம் அப்படியே இருந்தன. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் உறை என்று கீழே போட்டிருந்தது. என் அட்டையில் “இங்கிலாந்தில் செய்யப்பட்டது, ராணுவ அதிகாரிகள் அணிந்த வகை” என்று எழுதினேன். வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தது. அதற்கும் ஒரு வரி வைத்தேன்: “நீண்ட காலப் பயன்பாட்டால் மேற்பரப்பு தேய்ந்துள்ளது.”

துறைத்தலைவி படித்துவிட்டு, “ரொம்ப நல்லா வந்திருக்கும்மா” என்றார். அட்டையின் படம் பண்ணைக்காரருக்குப் போனது. அன்று மாலைக்குள் அவர் சொந்தபந்தம் முழுக்க வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்துவிட்டது. அவர் அனுப்பிய பதிலில், “அம்மிணி கெட்டிக்காரி” என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, உறையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத் தயார் செய்தேன். வடிவம் கலையாமல் இருக்க அவர்கள் வீட்டில் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளே திணித்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு வெள்ளைத் தாளைச் சுருட்டி வைக்கலாம் என்று உருவினேன். பக்கவாட்டுத் தையல் பாதிக்குமேல் விட்டிருந்ததால் உறை புத்தகம்போல விரிந்தது. தூசியைத் துடைக்க விரலை உள்ளே விட்டேன்.

உட்பக்கம் வழவழப்பாக இருந்தது.

கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. மாட்டுத் தோலுக்கு மயிர்ப்பக்கம் வழவழப்பு, சதைப்பக்கம் சொரசொரப்பு. செருப்பானாலும் பையானாலும் வழவழப்பான பக்கத்தைத்தான் வெளியே வைப்பார்கள். இதைச் செய்தவர் மாற்றி வைத்திருக்கிறார். நான் “தேய்ந்துள்ளது” என்று எழுதியது தேய்மானமே அல்ல. இன்னும் உள்ளே விட்டபோது கட்டைவிரல் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. அந்த மேடு எனக்குத் தெரியும். மூன்றாவது குவியல். சூட்டுத் தோல்.

மேசை விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். காய்ச்சிய இரும்பால் மாட்டுக்குப் போட்ட சூட்டின் தழும்பு. ஒரு வட்டம், அதன் அடியிலிருந்து ஒரு கோடு, கோட்டின் முனை வலப்புறமாக வளைந்திருந்தது. வெளிச்சம் படாத அந்தப் பக்கத்தில் தோலின் நிறமும் வெளிறிய மஞ்சளாக இருந்தது. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுகிற தோலின் நிறம். தைத்திருந்ததும் நூலால் அல்ல, மெல்லிய தோல் வாரால். இவ்வளவும் பத்து நாளாக என் மேசைமேல் இருந்தது. நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெல்லிய தாளை வைத்துத் தழும்பை அதே அளவில் வரைந்துகொண்டேன். செல்போனில் படமும் எடுத்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் அத்தாவிடம் காட்டினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். செல்போனை வாங்கிக் கைநீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“என்னத்தா, சூடுதானே?”

“இருக்கலாம். உண்ணி கடிச்ச தழும்பாவும் இருக்கலாம். முள்ளுக் கீறினதாவும் இருக்கலாம்.”

“வட்டமா இருக்குதே.”

“வட்டமாத்தான் இருக்குது. போட்டோவுல தோல் பார்க்கச் சொன்னா நான் என்னத்தைச் சொல்ல? டீ குடிக்காமலே சக்கரை போட்டிருக்கான்னு சொல்லச் சொல்றே.” செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். “நீ தொட்டுப் பார்த்தேல்ல?”

“பார்த்தேன்.”

“அப்புறம் என்னைய ஏன் கேக்கறே? ரெண்டு பட்டம் வாங்கினது நானா?”

அம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள். அத்தா மிச்ச டீயைக் குடித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் துறைத்தலைவியிடம் சொன்னேன். அவர் உறையை விரித்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் நம்பினார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஏம்மா, அவர் ஊரெல்லாம் இங்கிலாந்துன்னு சொல்லிட்டார். அடுத்த வாரம் திறப்பு. நடுப்பெட்டிக்கு இதைத்தான் வைக்கறதா இருக்கோம்” என்றார்.

“தப்புன்னு தெரிஞ்சும் என் பேரைப் போட முடியாதுங்க மேடம்.”

“போடாதேன்னு நான் சொல்லலை. ஆனா அவர் உறையைத் திருப்பிக் கேட்டா நான் தடுக்க முடியாது. உன் நீட்டிப்பும் அந்தக் குழுவுக்குத்தான் போகுது. ரெண்டையும் யோசிச்சுக்க. அட்டையை மாத்தறதுன்னா நீயே நேர்ல போய் அவர்கிட்டச் சொல்லிட்டு வந்து மாத்து.”

அவர் சொன்னதில் தவறில்லை. தப்பாக எழுதியது நான்தான்.

சனிக்கிழமை காலை சேலத்திலிருந்து வந்து நாமக்கல்லில் பேருந்து ஏறினேன். பரமத்தி வேலூரில் இறங்கி நகரப் பேருந்து மாறி, வாய்க்கால் பாலத்தில் நின்று கேட்டபோது வீட்டைக் காட்டினார்கள். பண்ணைக்காரர் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய கொட்டாயில் உட்கார்ந்து, பறித்து வந்த வெற்றிலையைத் தரம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் நிற்காமல் ஓடின. காம்பைப் பிடித்துத் திருப்பி, பின்பக்கம் பார்த்து, இந்தக் கட்டு, அந்தக் கட்டு. அத்தாவின் கைகளை நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

“வாங்க அம்மிணி. இங்கிலாந்துல இருந்து ஏதாச்சும் சேதி வந்துச்சா?”

அவர் மனைவி மோர் கொண்டு வந்தார். நான் தண்ணீரே போதும் என்றேன். “அட குடி சாமி. வெயில்ல வந்திருக்கறே” என்று டம்ளரைக் கையில் வைத்தார். குடித்து முடிக்கும்வரை நான் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. பிறகு ஒரே மூச்சில் சொன்னேன். நான் எழுதியது தப்புங்க. அது இங்கிலாந்துத் தோல் இல்லைங்க. நம்ம பக்கத்து மாட்டுத் தோலை, நம்ம பக்கத்து ஆள் யாரோ ராணுவ உறையைப் பார்த்து அதே மாதிரி தச்சதுங்க.

அவர் கை நின்றது.

அவர் மனைவிதான் முதலில் பேசினார். “நான் கட்டிக்கிட்டு வந்து முப்பது வருசமாச்சு சாமி. துரை குடுத்தாரு, துரை குடுத்தாருன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. எந்தத் துரைன்னு கேட்டா மட்டும் இருமல் வந்துரும்.”

“நீ உள்ள போ.”

“எங்க உள்ள போறது, இதும் என்ற ஊடுதான்” என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார்.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். “போன வாரம் இங்கிலாந்துன்னு எழுதினவளும் நீதான். இந்த வாரம் இல்லைங்கறவளும் நீதான். நான் எதை நம்பறது?”

நியாயமான கேள்வி. வரைந்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எழுந்து கொட்டகைக்குள் போய், கூரை மோட்டில் செருகியிருந்த ஒரு இரும்புக் கம்பியை உருவி வந்து என் முன்னால் தரையில் போட்டார். முனை துருவேறியிருந்தது. வட்டம், கோடு, வலப்புறம் ஒரு வளைவு.

“எங்க பண்ணையத்துச் சூட்டுக்கோல் இது. ஆனா நீ வரைஞ்சிருக்கறது பெருசு. பாரு, ஒண்ணரை மடங்கு இருக்குது. அப்ப இது எங்களுது இல்ல.”

சூடு போட்டால் தழும்பு தோலோடு சேர்ந்து வளரும் என்பது எனக்குத் தெரியும். முப்பது மாடு வைத்திருக்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் தாளைக் கம்பியின்மேல் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். கடைசியில் அவரே சொன்னார்.

“கன்னுல போட்டது. காளையானதும் பெருசாகியிருக்கும்.”

நான் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் கோபப்படுவார், உறையைத் திருப்பிக் கேட்பார், நான் பேருந்து ஏறுவேன். துரையின் பெயர் போவதுதான் அவருக்கு இழப்பு என்று எண்ணியிருந்தேன். ஆனால் அவர் கரும்புக்காட்டு வரப்பில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல் நட்டிருந்தது. அவர் மனைவி தணிந்த குரலில் எனக்குச் சொன்னார். அவர்கள் வீட்டில் காளையை விற்பதில்லை. வயதானாலும் தீனி போட்டு வைத்திருந்து, செத்தால் சொந்த நிலத்தில் புதைப்பார்கள். அந்தக் கல், இவருடைய பாட்டனார் வைத்திருந்த பூச்சிக்காளைக்கு. பொலிக்கு விட்ட காளை. சுற்றுவட்டாரத்தில் பாதிக் கன்றுகள் அதன் வாரிசுகள். மாட்டுப் பொங்கலன்று முதல் படையல் அந்தக் கல்லுக்குத்தான். அந்தத் துப்பாக்கியும் அதே பாட்டனாருடையது.

பண்ணைக்காரர் திரும்பினார். “அப்ப அறுப்புக்கு வித்துட்டாரா? உங்க ஆளுங்களுக்கு? கல்லு மட்டும் நட்டு வச்சுட்டு?”

இதுவும் அன்றைக்குக் கல்லூரியில் கேட்ட கேள்வியைப் போன்றதுதான். ஆனால் இந்த முறை என்னிடமே கேட்டார். எனக்கும் பதில் தெரிந்திருந்தது.

“எங்க ஆளுங்களுக்கு வித்திருந்தா அந்தத் தோல் இங்க இருந்திருக்காதுங்க. பதனிடறதுக்கு வாணியம்பாடி போயிருக்கும். அதுவுமில்லாம, அது அறுத்த மாட்டுத் தோல் இல்லைங்க. தானாச் செத்த மாட்டுது.”

“அதெப்படித் தெரியும்?”

செல்போனில் உறையின் வெளிப்பக்கப் படத்தைக் காட்டினேன். சொரசொரப்பான அந்தப் பரப்பில் மெல்லிய தடங்கள் கிளை கிளையாக ஓடின. அட்டை எழுதியபோது அவற்றை வெடிப்பு என்று நினைத்திருந்தேன். அறுத்த மாட்டில் ரத்தம் வடிந்துவிடும். தானாக இறந்ததில் ரத்தம் உள்ளேயே நின்று, தோலின் சதைப்பக்கத்தில் இப்படித் தடம் விட்டுவிடும். எட்டு வயதில் இரண்டு குவியலுக்கும் எதிரே எழுதிப் போட்டவள் நான்.

“உங்க வெத்தலையில நரம்பு ஓடற மாதிரி இருக்குது பாருங்க” என்றேன். அவர் கையிலிருந்த வெற்றிலையின் பின்பக்கத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னொண்ணுங்க. சூட்டுத் தோல்னா மட்டமான தோல். ஒரு முழு மாட்டுத் தோல் கையில இருக்கறப்ப, தழும்பை விட்டுட்டு எந்த இடத்துல வேணும்னாலும் ஒரு உறைக்கு வெட்டலாம். இதை வெட்டினவர் விடலைங்க. தழும்பு துளி வெட்டுப்படாம நடுவுல வர மாதிரி வெட்டி, உள்பக்கமா வச்சுத் தச்சிருக்காரு. முதல்ல மட்டத்தை மறைக்கத்தான் உள்ள வச்சாங்கன்னு நெனச்சேன். மறைக்கறவங்க வெட்டறப்பவே ஒதுக்கியிருப்பாங்க. யாரோ அது வேணும்னு கேட்டு வாங்கியிருக்காங்க.”

கொட்டகையில் ஒரு மாடு தொட்டியில் மூக்கை விட்டுத் தண்ணீரை ஊதிக்கொண்டிருந்தது.

“பொதைச்சது நிசந்தான்” என்றார் அவர் கடைசியில், எங்களிடம் இல்லாமல் பொதுவாக. “தோலை எடுத்துட்டுப் பொதைச்சிருக்காரு.” உட்கார்ந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். தரம் பார்க்காமலே வைத்தார். “தானாச் செத்ததுன்னு அட்டையில போடுவியா?”

“அது தோல்லயே இருக்குதுங்க. போடுவேன்.”

“போடு. காளைக்கு எங்க பண்ணையத்துச் சூடுன்னும் போடு. துரையை எடுத்துரு.” சற்றுப் பொறுத்து, “ஆனா இங்க ஊட்டுல வாரவங்ககிட்ட நான் துரைன்னுதான் சொல்லுவேன். அதை நீ கண்டுக்காதே” என்றார்.

“இருமல் மருந்து வாங்கி வச்சுக்கங்க” என்றார் அவர் மனைவி.

நீட்டிப்பைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தச்சவர் யாரென்று தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பண்ணையத்துக்குச் செருப்பும், கிணற்றில் நீர் இறைக்கும் கமலைக்குத் தோலும் தைத்தது ஒரே குடும்பம்தான். இப்போது அவர்கள் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். போன ஆண்டு அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். பின்பக்கத்தில் ஒரு செல்போன் எண் அச்சாகியிருந்தது. அதே குடும்பத்துக் கை தைத்ததா என்பதைத் தோல் சொல்லாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பழைய அட்டையைத் திங்கட்கிழமை துறைத்தலைவி முன்னால் வைத்துக் கிழித்துப் போட்டேன். புதியதில் நான்கு வரிகள்தான் இருந்தன. அதில் ஒன்று “செய்தவர்:” என்று தொடங்கி, எதிரே வெற்றிடமாக நின்றது. தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. துறைத்தலைவி அந்த வெற்றிடத்தைப் பேனாவால் தொட்டு, “இது என்னம்மா?” என்று கேட்டார்.

சனிக்கிழமையே, பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்தில் நின்று அந்த எண்ணுக்கு அழைத்திருந்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் எடுத்தார். அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் தறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் இருக்காது, சும்மாதான் இருப்போம், வாங்க என்றார். மறுநாள் போய் வந்துவிட்டேன். அவர்கள் வீட்டில் பழைய வெட்டுக்கத்தி ஒன்றும், முடிக்காமல் விட்ட ஒரு ஜோடிச் செருப்பும் இருந்தன. செருப்பில் தோல் வாரால் போட்டிருந்த தையலைப் பக்கத்திலிருந்து படமெடுத்து, உறையின் தையல் படத்தோடு ஒரே தாளில் அச்செடுத்திருந்தேன். இரண்டிலும் வார் ஒரே விதமாக ஏறி இறங்கியிருந்தது; தைத்தவர் பெயர்தான் இன்னும் தெரிய வேண்டும். துறைத்தலைவி கேட்டபோது, அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.